கட்சிரோலியில் ஒரு சொல்லைத் தேடி

நாக்பூரிலிருந்து கட்சிரோலிக்கு பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உம்ரேட், நாக்பீட், பிரம்மபுரி என்று சின்னச் சின்ன ஊர்கள். பிறகு வைன்கங்கை ஆற்றுப் பாலம். அதைத் தாண்டி ஆர்மோரிக்குள் நுழைந்தால் காற்றின் வாசனை மாறுகிறது. நான் போனது இலுப்பைப் பூ உதிரும் மாதம். அங்கே மஹுவா என்கிறார்கள். விடிவதற்கு முன்பே பெண்கள் கூடையுடன் மரத்தடிக்கு வந்துவிடுகிறார்கள்.

1982-ல் சந்திரபூரிலிருந்து பிரிக்கப்பட்ட மாவட்டம் இது. முக்கால் பங்கு காடு. நாற்பது ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் கட்சிரோலி என்றால் துப்பாக்கிச் சண்டைதான். நான் போனது அதற்காக அல்ல. ஒரு சொல்லுக்காக.

நர்சிங் மாணவிகளுக்கான பாடநூல் ஒன்றைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்திருந்தது. ஊசி, கட்டு, நாடித்துடிப்பு எல்லாம் தடையில்லாமல் நகர்ந்தன. 'கல்ச்சுரல் சேஃப்டி' என்ற அத்தியாயத்தில் பேனா நின்றுவிட்டது. 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ கட்சி மாநாட்டுத் தீர்மானம் போல இருந்தது. நர்ஸ்கள் பண்பாட்டைக் காக்கக் கிளம்பிவிட்டார்கள் என்று படிப்பவர் நினைக்கக் கூடும். விஷயம் நேர் எதிர்.

இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இரிஹபேட்டி ராம்ஸ்டன் என்ற நியூசிலாந்து நர்ஸ், மாவோரி இனத்தவர். 1992-ல் அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் இதைப் பயிற்சியில் சேர்த்தது. அவருக்கு முன்பே அமெரிக்காவில் மேடலின் லைனிங்கர் என்ற நர்ஸ், மானிடவியலும் படித்து, நியூகினி மலைவாசிகளோடு தங்கி, நோயாளியின் பழக்கவழக்கங்களை நர்ஸ் அறிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ராம்ஸ்டன் அதோடு நிற்கவில்லை. நோயாளியின் வழக்கங்களை மனப்பாடம் செய்வது இருக்கட்டும், உன் கையில் இருக்கும் அதிகாரத்தை முதலில் பார் என்றார். கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதைச் சொல்ல வேண்டியவர் நர்ஸ் அல்ல, படுக்கையில் கிடப்பவர் என்றார்.

படுக்கையில் கிடந்தவர் என்றதும் எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வந்தது.

2009-ல் டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். காலையில் வந்த நர்ஸ் நகைகளைக் கழற்றச் சொன்னார். வளையல், தோடு, மூக்குத்தி எல்லாம் வந்தன. தாலி மட்டும் வரவில்லை. அப்பா வராந்தாவில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார், எப்படிக் கழற்றுவேன் என்றார் அம்மா. நர்ஸ், "ரூல்" என்றார். இரண்டு பேர் சொன்னதும் அவரவர் அளவில் சரிதான். அறுவை அரங்கில் மின்கருவியால் ரத்தக் குழாய்களைப் பொசுக்கும்போது உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. அம்மாவின் பட்டியல் எண்ணைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

மதிய ஷிஃப்டுக்கு வந்தவர் கோட்டயத்துக்காரர். கேஸ் ஷீட்டைப் படித்தார், அம்மாவின் கழுத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வெளியே போனார். எங்கிருந்தோ ஒரு மஞ்சள் துண்டும் நூலும் கொண்டுவந்தார். "முதலில் இதைக் கட்டிக்கோங்க அம்மா, அப்புறம் அதைக் கழற்றலாம். கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையா இருக்காது" என்றார். அம்மா சிரித்தேவிட்டார். பிறகு அவர் சொன்னார், தங்கள் வீட்டிலும் கல்யாணத்தில் மின்னு கட்டுவார்கள் என்று. சிரியன் கிறிஸ்தவர்களின் தாலி அது. அவருக்குப் பாடநூல் தேவைப்படவில்லை. தன் அம்மாவின் கழுத்து தெரிந்திருந்தது.

இது வரை நான் பல பேரிடம் சொன்ன கதை. சொல்லாத பாதி ஒன்று உண்டு.

ஆபரேஷனுக்கு மறுநாள் அம்மா, "அடிவயிறு கடுக்குதுடி" என்றார். டாக்டர் கேட்டபோது நான் 'பேட் மே தர்த்' என்று மொழிபெயர்த்தேன். வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் குளிர்ஜுரம். சிறுநீர்த் தாரையில் கிருமி. ஆண் டாக்டர் முன்னால் நீர்க்கடுப்பு என்று வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்பட்டு, 'கடுக்குது' என்ற ஒரு சொல்லில் அம்மா எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். எரிச்சல், குத்தல், குடைச்சல், கடுப்பு, இழுப்பு என்று வலிக்குத் தமிழில் இத்தனை சொற்கள் இருக்க, முதுகலைத் தமிழ் படித்த மகள் எல்லாவற்றையும் ஒரே 'தர்த்'தில் கொட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியின் தப்பை ஊரெல்லாம் சொன்னேன். என் தப்பை இப்போதுதான் எழுதுகிறேன்.

கட்சிரோலிக்கு ஏன் என்றால், சொல்லும் ஆஸ்பத்திரியும் சந்தித்துக்கொண்ட இடம் அது. அபய் பங், ராணி பங் தம்பதி இருவரும் டாக்டர்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு வந்து, 1980-களின் நடுவில் 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கட்சிரோலி நகரிலிருந்து தானோரா போகும் சாலையில், சாத்காவ் அருகே காட்டுக்குள் இருக்கிறது அவர்களுடைய 'ஷோத்கிராம்'.

ஆஸ்பத்திரி கட்டுவதற்கு முன்னால் ஆதிவாசிகளிடம், அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஏன் போவதில்லை என்று கேட்டிருக்கிறார்கள். வந்த பதில்களை அபய் பங் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். பெரிய கட்டடம் பயமாக இருக்கிறது, உள்ளே போனால் வழி தெரியவில்லை. அங்கே பேசும் பாஷை புரியவில்லை. உறவுக்காரர்களை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரும் நர்சும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள். நாங்கள் பிணத்துக்குத்தான் வெள்ளை போர்த்துவோம். உங்கள் ஆஸ்பத்திரியில் சாமி இல்லை.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, 'விழிப்புணர்வு முகாம்' நடத்தலாம் என்று போவதுதான் நம் வழக்கம். இவர்கள் கட்டடத்தை மாற்றினார்கள். வார்டுக்குப் பதில் குடில்கள். நோயாளியோடு வீட்டார் தங்கலாம். வாசலில் கோண்டு கிராமங்களின் பொதுமன்றமான கோட்டுல் போன்ற ஒரு கூடம். பெயரையும் ஆதிவாசிகளே தேர்ந்தார்கள்: மா தந்தேஸ்வரி தவாகானா. தந்தேஸ்வரி, எல்லைக்கு அந்தப் பக்கம் பஸ்தரில் கோயில் கொண்டிருக்கும் தேவி. ஆண்டுதோறும் அவளுக்கு ஜாத்திரை நடக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடித் தங்கள் ஆரோக்கியப் பிரச்சினைகளைப் பேசும் இடமும் அதுவே.

வெள்ளைச் சேலை விஷயத்தை நாம் எளிதில் புரிந்துகொள்ள முடியும். நம் பாட்டிமார்களைக் கேட்டால் வெள்ளைப் புடவைக்கு என்ன அர்த்தம் என்று சொல்வார்கள்.

எனக்குத் துணையாக வந்தவர் ஓய்வு பெற்ற ஓர் அரசு ஏ.என்.எம். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, வேகமான நடை. பெயர் போட வேண்டாம் என்றார். கிராமத்தார் அவரை 'நர்ஸ்பாயி' என்கிறார்கள். நான் 'தாயி' என்றேன். மராத்தியில் அக்காவுக்கு அதுதான் சொல். தமிழ்க் காதுக்கு ஒரு தலைமுறை கூடுதலாக ஒலிக்கிறது. அவர் ஆட்சேபிக்கவில்லை.

தாயியின் தாய்மொழி மராத்தி. வேலைக்கு வந்த புதிதில் அரசாங்கம் கொடுத்த வெள்ளைச் சேலையில் கிராமத்துக்குள் போனால் குழந்தைகள் ஓடிவிடும். ஊசிக்குப் பயம் என்று நினைத்தாராம். ஒரு கிழவி காரணம் சொன்ன பிறகு, பூப்போட்ட சேலையில் போகத் தொடங்கினார். வெள்ளையை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், அதிகாரிகள் வந்தால் உடுத்த. ஒருநாள் மாட்டிக்கொண்டார். "மெமோ கொடுத்தாங்க. பதில் எழுதத் தெரியல. சேலை நனைஞ்சு போச்சுன்னு எழுதினேன்" என்று சிரிக்கிறார். உண்மையை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "இன்னொரு மெமோ."

கோண்டியை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மருத்துவச்சிகள். முதலில் கற்றது உடம்பின் பெயர்கள். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகச் சொன்னபோது என் நோட்டுப் புத்தகம் கொஞ்சம் நடுங்கியது. கண்ணுக்குக் கண். கைக்குக் கை. காலுக்குக் கால். தலைக்குத் தல்லா. ரத்தத்துக்கு நெத்தூர்.

கோண்டி திராவிட மொழி என்பது வகுப்பில் படித்ததுதான். பரோ-எமனோ அகராதியில் புரட்டியதும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 29 லட்சத்துக்கும் மேல். ஆனால் அகராதியில் பார்ப்பது வேறு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் காட்டில் ஒருவர் வாயிலிருந்து வருவது வேறு. சங்க இலக்கியத்தில் ரத்தத்துக்கு 'நெய்த்தோர்' என்று ஒரு சொல் உண்டு. நாம் அதை எப்போதோ கைவிட்டுவிட்டோம், ரத்தத்தையும் உதிரத்தையும் வடமொழியிலிருந்து வாங்கிக்கொண்டோம். இங்கே அது சுகாதார நிலையத்தில் சோதனைக் குழாயோடு புழங்கிக்கொண்டிருக்கிறது. வலிப்பதற்கான சொல் நம் 'நோ'வேதான். நோகிறது, நோவு, நோய் என்று நாம் சொல்கிற அதே வேர்.

மறுநாள் ஒரு வீட்டுத் திண்ணையில் கிழவி ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். தாயி இந்தியில் சொல்லுமுன் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. டெல்லியில் என் சொந்த அம்மா சொன்னது புரியாமல் போனதையும் நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் வலியைச் சொல்லாமல் வைத்திருப்பதை எண்ணிக்கையில் காட்டியது இந்த மாவட்டம்தான். ராணி பங் மகப்பேறு மருத்துவர். இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்ததில் 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் அந்த மாதிரிப் பரிசோதனைக்குப் போனவர்கள் 8 சதவீதமே. 1989-ல் 'லான்செட்' இதழில் வெளியான அந்தக் கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. கிராமத்துப் பெண்ணுக்குப் பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும்தான் தேவை என்று நினைத்திருந்த திட்டக்காரர்களுக்கு அது அதிர்ச்சி. கேட்கிறவர் பெண்ணாக இருந்து, கேட்கிற விதமும் சரியாக இருந்ததால் வந்த எண்கள் அவை.

குழந்தைகள் கதை இன்னும் பிரபலம். நிமோனியாவைக் கண்டுபிடிக்க, குழந்தை நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறது என்று எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 50 தொட்டால் ஆபத்து. ஆனால் மருத்துவச்சிகளுக்கு அவ்வளவு தூரம் எண்ணத் தெரியாது. எழுத்தறிவு முகாம் நடத்தாமல், ஒரு பலகையில் மணிகளைக் கோத்துக் கொடுத்தார்கள், ஒரு நிமிட மணல் கடிகையும் சேர்த்து. பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீருமுன் கடைசிச் சிவப்பு மணி நகர்ந்தால் மருந்து. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். இதைவிடச் சுருக்கமாக ஒரு பாடநூல் அத்தியாயத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்து, 'ஆரோக்கியதூத்' என்று பெயரிட்டு, பிறந்த சிசுவை வீட்டிலேயே கவனிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். எடை பார்ப்பது, குளிராமல் பொதிவது, மூச்சுத் திணறினால் மீட்பது, கிருமி தாக்கினால் ஊசி போடுவது. கொஞ்சம் படித்த கிராமத்துப் பெண் ஊசி போடலாமா என்று அப்போது மருத்துவ உலகில் எதிர்ப்பு இருந்தது. மூன்றாம் ஆண்டில், ஒப்பிட்ட கிராமங்களைவிட இங்கே சிசு மரணம் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999-ல் அதுவும் 'லான்செட்'டில் வந்தது. 2011-ல் மத்திய அரசு ஆஷா பணியாளர்களைக் கொண்டு வீட்டில் சிசுக் கவனிப்பை நாடெங்கும் தொடங்கியதற்கு இதுதான் முன்மாதிரி. நம் ஊர் ஆஷாக்களும் நர்ஸ்களும் பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு எடை பார்க்கும் தூளியோடு வருகிறார்கள் என்றால், அந்தப் பாதை இந்தக் காட்டிலிருந்து வந்தது.

பழக்கத்தை மதிப்பது எல்லா இடத்திலும் இவ்வளவு இனிமையாக முடிவதில்லை. தாயியோடு ஓர் ஊரின் ஓரத்தில் நடந்தபோது, மண்சுவர், ஓட்டுக் கூரை, கதவில்லாத ஒரு குடிசையைக் காட்டினார். கூர்மா கர். மாதவிலக்கான பெண்கள் அந்த நாட்களில் தங்கும் இடம். சமைக்கக் கூடாது, ஊர்க் கிணற்றைத் தொடக் கூடாது. மழைக்காலத்தில் பாம்பு வரும். இப்படிக் கடிபட்டு இறந்தவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு.

தாயி வேலையில் இருந்த காலத்தில் அங்கே போய் உட்காருவாராம். ரத்தப்போக்கு அதிகமுள்ளவளை அங்கேயே பார்த்து மாத்திரை கொடுப்பார். ஆனால் அந்தக் குடிசைக்குள் போனவர் குளிக்காமல் ஊருக்குள் வர முடியாது. "ஒரே நாள்ல மூணு தடவை குளிச்சிருக்கேன்" என்றார். குளிக்க மாட்டேன், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லியிருந்தால்? "எனக்குச் சரி. அப்புறம் பிரசவத்துக்கு எந்த வீட்டுக் கதவு திறக்கும்?"

2021-ல் மும்பைத் தொண்டு நிறுவனம் ஒன்று கூர்மா கர்களுக்குப் பதிலாகக் கட்டில், கழிப்பறை, தண்ணீர், சூரிய மின்சாரம் எல்லாம் கொண்ட குடில்களைக் கட்டித் தந்தது. தீண்டாமைக்குச் சலவைக்கல் போடுகிற வேலை என்று கண்டித்தார்கள் சிலர். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஒரு பெண்ணை வெளியே அனுப்பும் வழக்கத்துக்கு மின்விளக்கு போட்டுக் கொடுப்பது எப்படி மரியாதையாகும்? தாயியிடம் இதைக் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டார்: "உங்க வீட்டில் மூணு நாள் யாரும் ஒதுங்கினதே இல்லையா?" ஒதுங்கியிருக்கிறோம். என் பாட்டி வீட்டில் கொல்லைப்புற அறை, தனித் தட்டு, தனிப் பாய். அதில் வளர்ந்துதான் நான் கல்லூரிக்குப் போனேன். என்னை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது எந்த நர்சும் அல்ல. நகரத்து ஃபிளாட்டில் கொல்லைப்புறம் இல்லாதது.

ஆனாலும் அவர் சொன்னதை நான் முழுக்க ஏற்றுக்கொள்ளவில்லை. பாம்பு வராத குடிசை இன்றைக்கு வேண்டும், சரி. அது கட்டி முடிந்த பிறகு, இனி பிரச்சினை இல்லை என்று எல்லாரும் போய்விடுவார்களே என்பதுதான் பயம். தாயி இதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் ஊரில் சில இளம்பெண்கள் அங்கே போவதை நிறுத்திவிட்டதாக மட்டும் சொன்னார். அவர்களுடைய அம்மாமார் இன்னும் போகிறார்கள்.

திரும்பும் வழியில் ஒரு சுகாதார நிலையத்தில் அரிவாள் செல் ரத்தசோகைக்குச் சோதனை நடந்துகொண்டிருந்தது. கோண்டுகள் உட்படப் பல ஆதிவாசி மக்களிடம் அதிகம் உள்ள பரம்பரை நோய். 2047-க்குள் ஒழிப்பது என்று 2023-ல் மத்திய அரசு ஓர் இயக்கம் தொடங்கியது. 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. இந்தக் குறையைத் தாங்கும் இருவர் மணந்தால் பிள்ளைக்கு நோய் வரலாம். அதனால் ஜாதகம் பார்ப்பதுபோல் ரத்த அட்டையைப் பொருத்திப் பாருங்கள் என்று மேடைகளில் சொல்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. கோண்டுகள் பொருத்தம் பார்ப்பது ஜாதகத்தில் அல்ல. நீ நாலு தேவர் குலமா, ஐந்தா, ஆறா, ஏழா என்று. ஒரே எண்ணிக்கை என்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கிடையாது. அந்தக் கணக்கில் தொடங்கி, 'இதுவும் அந்த மாதிரி ஒன்றுதான் அம்மா' என்று சொன்னால் கேட்கிறவளுக்கு ஒரே நிமிடத்தில் விளங்கும். தாயியிடம் சொன்னேன். "நாங்க அப்படித்தான் சொல்வோம். போஸ்டர் நாக்பூர்ல அடிக்கிறாங்க" என்றார்.

கட்சிரோலி பஸ் நிலையம் வரை வந்து வழியனுப்பினார். தமிழில் வலிக்கிறதா என்று எப்படிக் கேட்பீர்கள் என்றார். 'நோவுதா?' என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது எங்க சொல்லாச்சே" என்றார், மராத்திக்காரர்.

டெல்லிக்கு வந்து அந்த அத்தியாயத்தை முடித்தேன். தலைப்பில் 'கூசாமை' என்று போட்டேன். நோயாளி கூசாமல் சொல்லக்கூடிய, கூசாமல் கிடக்கக்கூடிய நிலை என்று கீழே ஒரு வரி விளக்கம். ப்ரூஃப் வந்தபோது ஆசிரியர் குழு அதை அடித்துவிட்டு 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று திருத்தியிருந்தது. ஓரத்தில் மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறேன்.